செவிச் சிற்றெலும்புகளும் கருவின் சாட்சியமும்

கருவியலாளர், புதைபடிவ ஆய்வாளர், மரபணு ஆய்வாளர், காது அறுவை மருத்துவர் என நான்கு துறையினரும் ஓர் அரங்கில் கூடுவது அரிது. ஆகவே இத்தலைமை உரையில் ஒரே ஒரு கருத்தை மட்டும் வாதிட விரும்புகிறேன். நடுச்செவியின் சுத்தியும் பட்டடையும் நம் தொல்மூதாதையரிடம் தாடை மூட்டாக இருந்த எலும்புகள். இந்த முடிவுக்கு முதலில் வழிகாட்டியது கரு. அதை உறுதி செய்தவை கருவைச் சாராத வேறு சான்றுகள்.

1837இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் ரைஷர்ட் பன்றிக் கருக்களை ஆராய்ந்து, முதல் தொண்டை வளைவில் ஓடும் மெக்கல் குருத்தெலும்பின் பின்முனையே சுத்தி எலும்பாவதைக் காட்டினார். ஊர்வனவற்றில் கீழ்த்தாடையை மண்டையோட்டுடன் பிணைக்கும் இரண்டு எலும்புகள் உள்ள அதே இடத்தில்தான் பாலூட்டிக் கருவில் சுத்தியும் பட்டடையும் தோன்றுகின்றன. மனிதக் கருவில் இவை இரண்டாம் மாதத்தில் குருத்தெலும்பாக உருப்பெறுகின்றன. சுத்தியைத் தாடையோடு இணைத்த பகுதி பின்னர் சிதைந்து, இணைப்புநாராக மட்டும் எஞ்சுகிறது. வளர்ந்த மனிதரிடமும் தடயம் உண்டு. சுத்தியை இழுக்கும் சிறு தசைக்கு, மெல்லும் தசைகளை இயக்கும் முக்கிளை நரம்பே செல்கிறது. இரண்டாம் வளைவைச் சேர்ந்த மூன்றாவது சிற்றெலும்பான அங்கவடியின் தசைக்கோ முகநரம்பு செல்கிறது. எலும்பு காதுக்குள் இடம்பெயர்ந்தும் நரம்பு பழைய உறவை விடவில்லை.

கரு தன் இனத்தின் வரலாற்றை அப்படியே திரும்ப நடத்திக் காட்டுவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு இது. ஹெக்கலின் அந்தக் கோட்பாட்டை நாம் கைவிட்டுவிட்டோம். ஆனால் கருவில் ஓர் உறுப்பு எங்கே, எதோடு ஒட்டித் தோன்றுகிறது என்பது உறவைக் காட்டும். அந்த உறவு சரிதானா என்பதைப் பாறை தனியே சோதிக்கிறது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மார்கனுகோடான் என்ற தொல்விலங்கின் தாடையில் பழைய மூட்டும் இன்றைய பாலூட்டிகளின் புதிய மூட்டும் அருகருகே உள்ளன. 2011இல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்ட லியாவோகோனோடான் என்ற புதைபடிவத்தில், செவி எலும்புகளைத் தாடையோடு இணைக்கும் மெக்கல் குருத்தெலும்பு எலும்பாகவே நிலைத்திருக்கிறது. பாதி தாடை, பாதி காது என்ற நிலையில் ஒரு விலங்கு எப்படிப் பிழைக்கும் என்போருக்கு, புதிதாகப் பிறந்த பைப்பாலூட்டிக் குட்டியே பதில். தாயின் முலைக்காம்பைப் பற்றும்போது அதற்குப் புதிய தாடை மூட்டு இன்னும் உருவாகியிருக்காது. பின்னாளில் ஒலி கடத்தப்போகும் சுத்தியும் பட்டடையுமே அப்போது தாடையைத் தாங்குகின்றன.

மூன்றாவது சான்று மரபணு. 1993இல், ஹாக்ஸ்-ஏ2 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் அங்கவடி உருவாகவில்லை. இரண்டாம் வளைவில் சுத்தி, பட்டடையின் கண்ணாடிப் பிம்பம் போன்ற நகல்கள் தோன்றின. எந்த வளைவு எந்த எலும்பைத் தரும் என்பது செல்களுக்குள் இயங்கும் கட்டளை என்பது இதனால் தெளிவாயிற்று. அதே சமயம், அங்கவடி முழுவதும் இரண்டாம் வளைவின் சொத்து என்ற பாடநூல் அட்டவணை போதாது: எலியில் அதன் அடித்தகட்டில் அவ்வளைவிலிருந்து வரும் நரம்பு முகட்டுச் செல்களோடு இடைத்தோல் செல்களும் கலந்துள்ளன. தேர்வுக்கு எளிய அட்டவணை போதுமே என்பவர்கள் மருத்துவமனையை நினைக்க வேண்டும். ட்ரீச்சர் காலின்ஸ் நோய்க்குறியில் தாடை சிறுத்த குழந்தைக்குக் கேட்கும் திறனும் குறைவது தற்செயல் அன்று. இரண்டுக்கும் வேர் ஒரே நரம்பு முகட்டுச் செல்கள்தான். இந்த உறவை அறிந்த மருத்துவர், அத்தகைய குழந்தையின் தாடையைப் பார்த்ததுமே செவிப்பரிசோதனைக்கு அனுப்புவார்.

ஆகவே இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவைச் சொல்லும்போது, அடுத்த துறையின் எந்தச் சான்று கிடைத்தால் அதை மாற்றிக்கொள்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரைஷர்ட்டின் முடிவு நிலைத்தது, அவருக்குத் தெரியாத துறைகளும் அதைச் சோதிக்க முடிந்ததால்தான். அந்த வழியில் விவாதங்கள் நடக்கட்டும் என வாழ்த்தி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.