இளமரங்களுக்கு நீர் பாய்ச்சுதல்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் பலர் பண்ணையத்தைக் குறைத்துக்கொண்டு தோட்டத்தில் மரம் வைக்கத் தலைப்பட்டிருக்கின்றனர். ஆள் கிடைப்பதில்லை; மஞ்சள் கட்டுப்படியாவதில்லை; பிள்ளைகளோ வெளியூர்களில் இருக்கின்றனர். ஆதலின் மலைவேம்பும் சவுக்கும் நட்டுவிட்டால் சில ஆண்டுகளில் தானே பணமாகும் என்பது அவர்தம் எண்ணம். பணமாவது மெய்யே. ‘தானே’ என்னும் சொல்லில்தான் பிழை இருக்கின்றது.

நாம் செய்த பிழையையே முதலில் சொல்லிவிடுகிறோம். ஓர் ஏக்கரில் பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் 400 மலைவேம்புக் கன்றுகளை நட்டோம். நாள்தோறும் சொட்டுநீர்க் குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டோம். கன்றுகள் தளதளவென்று ஆளுயரம் கடந்தன. வருவோர் போவோரெல்லாம் புகழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று புகுந்தது. ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒரு சாணுக்குக் கீழே இறங்கவேயில்லை. மேலேயே ஈரம் கிடைக்கும்போது வேர் கீழே போவானேன்?

அதன் பின்னர் முறையை மாற்றினோம். நட்ட முதல் சில வாரங்கள் அடிக்கடி விட்டாலும், கன்று பிடித்தபின் நாட்களைத் தள்ளி, விடும்போது நின்று ஊறும்படி விடல் வேண்டும். தண்டை ஒட்டி விடலாகாது. வட்டப் பாத்தியை மரம் வளர வளர அகலப்படுத்துக. சோகையும் சருகும் பரப்பினால் ஈரம் நிற்கும். காற்றுக்கு முளைக்குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுக. இறுகக் கட்டினால் பட்டை அறுந்துவிடும்.

கோவையில் ஆண்டு மழை சராசரி 700 மில்லிமீட்டருக்கும் குறைவே. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்கின்றது. ஆகவே புரட்டாசியில் நடுவோர்க்கே பங்குனி வெயிலுக்கு முன் வேரிறங்க அவகாசமுண்டு. சவுக்கு தன் வேர்முடிச்சுகளால் காற்றின் தழைச்சத்தைப் பெற்றுக்கொள்ளும். ஆயினும் முதற் கோடைக்கு நீர் வேண்டாமென்று எந்த மரமும் சொல்லவில்லை.

ஆயிரம் அடி துளைத்தும் புழுதியே கண்ட தோட்டங்கள் நம்மிடையே உண்டு. அத்தகைய மேட்டாங்காட்டில் விரைமரம் வைப்பது கடனுக்கே வழி. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் நம் முன்னோர் கிளுவை வேலியிட்டு வெள்வேல மரத்தை விட்டுவைத்தனர். அது மெல்ல வளரும். ஆனால் மாட்டுக்குக் காயும் நிழலும் தரும். ஏற்றமும் மோட்டாரும் கேட்பதில்லை.

இன்னொன்று சொல்லக் கூசுகிறோம்; ஆயினும் சொல்லவேண்டும். மகன் தொலைவிலிருந்து மரம் வைக்கச் சொல்கின்றான். எழுபது வயதுத் தகப்பனார் சித்திரை வெயிலில் குழாயிழுக்கின்றார். கன்றுக்குச் செலவிடுவோர் நீர்விடும் ஆளுக்கும் சேர்த்தே கணக்கிடுக.

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலும், கோவையில் 1988 முதல் நடைபெறும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனத்திலும் கன்றுவகைகளைப் பற்றி விசாரிக்கலாம். அங்கே போகுமுன் தத்தம் கிணற்றில் சித்திரை மாதத்து நீரை ஒருமுறை அளந்து, எத்தனை கன்றுக்கு அது போதும் என்று குறித்துக்கொண்டு செல்லும்படி வேண்டி அமர்கிறோம்.