படபடப்பும் மூளையும்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல, பி.எஸ்ஸி. முடித்து சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒருவருக்கு நெஞ்சு படபடத்து, வியர்த்து, மூச்சு முட்டினால் உடனே ஈ.சி.ஜி. எடுக்கிறோம். அது அவசியம். ரிப்போர்ட் நார்மல் என்றால், "ஒன்றுமில்லை, தைரியமாக இரு" என்கிறோம். இருதயத்தில் ஒன்றுமில்லை என்பதால் அந்த மனிதருக்கே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. எங்கள் உறவில் ஒரு பெண் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டே இரண்டு வருஷம் தவித்தாள். வரன் பார்க்கும் சமயம் என்று, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகத் தயங்கினார்கள்.

மூளையின் இரு பக்கமும் உள்ளே பாதாம் பருப்பு வடிவில் 'அமிக்டலா' என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றியதும், நாம் யோசிக்கும் முன்பே அது மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரந்து இருதயம் வேகமெடுக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி நிதானமாக விசாரித்து, 'பாம்பல்ல, கயிறு' என்று மணியை அடக்குகிறது. பதற்ற நோயில் மணி ஓயாமல் அடிக்கிறது. அடக்கும் கை தளர்ந்திருக்கிறது.

விஷயம் இதோடு முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு பெண்மணிக்கு அபூர்வ நோயால் இரண்டு அமிக்டலாவும் அழிந்துவிட்டன. பாம்பைக் கையில் எடுத்தும் அவர் பயப்படவில்லை. ஆனால் 2013ல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்ததும் திகிலில் துடித்தார். உடலுக்குள்ளிருந்து எழும் பயத்துக்கு வேறு பாதையும் உண்டு என்று தெரிகிறது. தைரியசாலிக்கும் இது வரலாம்.

நல்ல செய்தி, மூளை மாறக்கூடியது. 2003ல் கனடாவில், சிலந்தியைக் கண்டு நடுங்கியவர்களுக்கு சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை அளித்தார்கள். முன்பு ஸ்கேனில் பயத்தோடு தென்பட்ட மூளைச் செயல்பாடு பிறகு காணப்படவில்லை. தேவையானால் நல்ல மருந்துகளும் உண்டு.

நம் வயதினருக்கு ஒரு வார்த்தை. பழைய சீட்டைக் காட்டி அல்ப்ராஸோலம் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது பழக்கமாகிவிடும், தடுமாறி விழவும் ஞாபகம் மங்கவும் காரணமாகலாம். ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்தாமல், டாக்டர் சொல்படி குறைக்க வேண்டும்.

மத்திய அரசு 2022ல் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த ஊரிலிருந்தும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். சர்க்கரை வியாதியைச் சொல்லிக்கொள்ள நமக்குக் கூச்சமில்லை. இதற்கும் வேண்டாம். எங்கள் உறவுப் பெண் சிகிச்சை பெற்று இன்று வேலைக்குப் போகிறாள்.