கேலி செய்தோம், கேட்கவில்லை
(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



அரியர்ஸ் கவலையில் குடிக்க ஆரம்பித்த ஒரு தோழனை, 'மன உறுதி இல்லாதவன்' என்று கேலி செய்தோம். நானும்தான். இன்று அவன் வரவில்லை.

1954-இல் கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் மின்முனை பொருத்தினார்கள். நெம்புகோலை அழுத்தினால் மூளைக்குள் மின்தூண்டல். எலி விடாமல் அழுத்தியது. மதுவும் தட்டுவது இந்த இன்ப வழியைத்தான். பாளையங்கால்வாயில் தண்ணி வெட்டின தடத்திலேதானே போகும்? பழக்கமும் அப்படித்தான்.

கவலை என்ன செய்யும்? பெங்களூர் நிம்ஹான்ஸில் டி.ஆர்.ராஜு குழுவினர் எலிகளைத் தினமும் அடைத்து வைத்து நெருக்கடி கொடுத்தார்கள். நினைவுக்கான ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. பிறகு இன்பப் பகுதியைத் தாமே தூண்டிக்கொள்ள விட்டதும் கிளைகள் மீண்டன, நினைவாற்றலும் திரும்பியது. 2008-இல் வெளிவந்த ஆய்வு இது.

மனுஷன் எலி இல்லை. ஆனாலும் சுருங்கிய மூளை மீளும் என்பது சின்ன விஷயமா? குடி நோய், வைத்தியம் உண்டு. நம்ம ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கு.

நாளைக்கு அவன் வீட்டுக்குப் போறேன். கூட யார் வாரீங்க?