கனம் வைக்கும் முன்னே உறுத்தலை எடுப்போம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் அமராவதிபுதூர் தையல் குழு உறுப்பினர் பேசியது)



சில பிள்ளைகள் புதுச் சட்டை போட்டாலே பிய்த்துக் கழற்றும். அடம் என்று அடிக்கிறோம். அது அடம் இல்லைங்க. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கழுத்தில் இருக்கிற லேபிள்கூட முள்ளாகக் குத்தும். அதிலே சில பிள்ளைகள் இறுக்கி அணைத்தால் அமைதியாகிவிடும்.

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மாவுக்கு ஆட்டிசம் உண்டு. மாட்டுக்கு ஊசி போடும்போது இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற சட்டத்தைப் பண்ணையில் பார்த்தார். அதில் மாடு அடங்கி நிற்பதைக் கண்டு, 18 வயதில் தனக்கே அப்படி ஒன்று செய்துகொண்டார். மாடு வளர்க்கிற நமக்கு இது புரியும். எடைச் சட்டை தைப்பதும் இதே எண்ணத்தில்தான்.

தைக்கிற முறையைச் சொல்றேன். பலமுறை துவைத்த பருத்திச் சேலைதான் உள்துணி. நம்ம கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் புதுத்துணி விறைப்பு இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. தையல் விளிம்பு உடம்பில் படாமல் மடித்துத் தைக்கணும். லேபிள், இறுக்கும் எலாஸ்டிக் வேண்டாம். எடையைச் சின்னச் சின்னப் பைகளாகத் தோளிலும் இடுப்பிலும் சமமாகப் பிரிக்கணும். துவைக்கும்போது பைகளை வெளியே எடுக்க வரணும். அரிசி, பயறு போட்டால் வண்டு வைக்கும்.

பொதுவாகப் பிள்ளையின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு என்பார்கள். 20 கிலோ பிள்ளைக்கு 1 கிலோவில் தொடங்கலாம். எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் சொல்லணும். பிள்ளை தானே கழற்ற முடியணும். தூங்கும்போது கூடாது. நம்ம ஊர் வெயிலுக்குக் கனமே இல்லாமல், உடம்போடு ஒட்டிய மெல்லிய பனியன் சில பிள்ளைகளுக்குப் போதும்.

ஆர்டர் கொடுக்க வந்த ஒரு அம்மா, "இதைப் போட்டா என் மகன் பேசிடுவானா?" என்று கேட்டாங்க. "இல்லைங்க" என்றேன். எடைச் சட்டை எல்லாருக்கும் பலன் தரும் என்று ஆய்வுகளும் உறுதி சொல்லவில்லை. அவங்க எடைச் சட்டை வேண்டாம் என்று, உறுத்தாத பள்ளிச் சீருடை இரண்டு மட்டும் தைக்கச் சொன்னாங்க. நமக்கு வருமானம் குறைவுதான். ஆனாலும் குணமாகும் என்று சொல்லி நம்ம குழு ஒரு சட்டைகூட விற்கக் கூடாது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. உங்கள் தெருவில் இப்படிப் பிள்ளை இருந்தால் அடையாள அட்டை வாங்க உதவுங்க. சட்டைக்கு அளவெடுக்கும்போது, எது உறுத்துது என்று முதலில் அந்தப் பிள்ளையிடமே கேளுங்க. பேசாத பிள்ளையும் கையால் காட்டும்.