ஒரு மலை, மூன்று பாதைகள்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் துவிச்சக்கரவண்டிப் பாதைகள். இலக்கிய நிகழ்ச்சியில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். ஒரு மலையில் நேரே ஏறுவதா, சுற்றி ஏறுவதா என்ற கேள்வியைப் பற்றி ஐரோப்பாவின் பெருங்கவிஞர் ஒருவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம் ஒன்று உண்டு. அதே மலையில் இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் ஏறுகிறார்கள். அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த மலையைப் பற்றியும் அதன் பாதைகளைப் பற்றியுமே இன்று பேசப்போகிறேன்.

பிரான்சின் தென்கிழக்கே, மத்தியதரைக் கடலை நோக்கிச் சரியும் புரோவான்ஸ் பிரதேசத்தில் நிற்கிறது மோன் வான்தூ மலை. உயரம் ஏறத்தாழ 1,910 மீற்றர். அல்ப்ஸ் மலைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய உயரமன்று. ஆனால் அருகே போட்டிக்கு நிற்க வேறு மலை இல்லை. திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒலிவ் மரங்களுக்கும் நடுவே தன்னந்தனியாக எழுந்து நிற்பதால், வெகு தொலைவிலிருந்தே கண்ணிற் படுகிறது. அதன் உச்சி கோடையிலும் வெண்மையாக இருக்கும். பனி என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது சுண்ணாம்புக்கல். துலோன் துறைமுகத்தில் கப்பல் கட்டுவதற்காக நூற்றாண்டுக் கணக்கில் மரங்களை வெட்டியதில் மலை மொட்டையாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் மீண்டும் காடு வளர்க்கத் தொடங்கினார்கள். அல்ஜீரியாவின் அட்லஸ் மலையிலிருந்து கொண்டுவரப்பட்ட சீடர் மரங்கள் இன்றும் அதன் தென்சரிவில் நிழல் தருகின்றன.

உச்சிக்குச் செல்லத் தார்ப்பாதைகள் மூன்று. தெற்கே பெதுவான் என்ற கிராமத்திலிருந்து செல்வது ஒன்று. ஏறத்தாழ 21 கிலோமீற்றர் தூரத்தில் 1,600 மீற்றர் ஏறவேண்டும். முதல் ஐந்தாறு கிலோமீற்றர் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே இதமாகப் போகும். பின்பு பாதை காட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து பத்துக் கிலோமீற்றர் வரை நூறு மீற்றர் சென்றால் ஒன்பது, பத்து மீற்றர் உயரவேண்டும். மூச்சு வாங்கச் சமதரை கிடையாது.

வடமேற்கே மலோசேன் என்ற ஊரிலிருந்து வருவது இரண்டாவது பாதை. நீளத்திலும் ஏற்றத்திலும் முதலாவதுக்கு அதிகம் குறைந்ததல்ல. ஆனால் ஏற்றம் ஒரே சீராக இராது. சில இடங்களில் இளகி, சில இடங்களில் திடீரென்று செங்குத்தாகும்.

மூன்றாவது கிழக்கே சோ என்ற ஊரிலிருந்து. 26 கிலோமீற்றர் என்பதால் இதுவே நீளமானது. ஆனால் அந்த ஊரே உயரத்தில் இருப்பதால் ஏறவேண்டியது சுமார் 1,200 மீற்றர்தான். லவண்டர் பூக்கும் வயல்களைக் கடந்து, காட்டின் ஊடாக ஆறுதலாகச் செல்லும் பாதை இது. உச்சிக்கு ஆறு கிலோமீற்றர் கீழே, ஷலே ரெனார் என்ற இடத்தில் இது பெதுவான் பாதையோடு சேர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே மரம் இல்லை. வெள்ளைக் கல்லும் வெயிலும் காற்றுந்தான். சுகமான பாதையில் வந்தவரும் கடினமான பாதையில் வந்தவரும் அந்த ஆறு கிலோமீற்றரை ஒன்றாகவே கடக்கவேண்டும்.

ஒரே நாளில் மூன்று பாதைகளாலும் ஏறி இறங்குபவர்களுக்கென்று 1988இல் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. அதன் பெயரைத் தமிழிற் சொன்னால் 'வான்தூப் பைத்தியங்கள்' என்றாகும். ஒவ்வோர் ஊரிலும் அட்டையில் முத்திரை பெறவேண்டும். மொத்தம் சுமார் 137 கிலோமீற்றர். ஏற்றம் 4,400 மீற்றர். பரிசுப் பணம் எதுவும் இல்லை. வேலைக்கும் சந்தைக்கும் சைக்கிள் மிதித்துப் பழகிய நம்மவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். பயனொன்றும் இல்லாமல் ஒரு மலையில் ஏன் ஏறவேண்டும்?

இந்தக் கேள்விக்கு வயது அறுநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள். 1336ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் இந்த மலையில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 31. அவிஞோன் நகரில் வாழ்ந்த அவர் இளமை முதலே இந்த மலையைப் பார்த்து வந்தவர். மக்கெதோனிய மன்னன் பிலிப் ஹேமுஸ் மலையில் ஏறிய கதையை ரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூலிற் படித்ததும், தாமும் ஏறவேண்டும் என்ற ஆவல் முற்றிவிட்டது. உச்சியிலிருந்து பார்க்கவேண்டும் என்ற விருப்பத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்று அவரே எழுதுகிறார். யாரை உடன் அழைப்பது என்று நெடுநேரம் யோசிக்கிறார். ஒரு நண்பர் மிக மெதுவானவர், இன்னொருவர் மிக அவசரக்காரர், ஒருவர் துயரம் மிகுந்தவர், மற்றவர் அளவுக்கு மிஞ்சிச் சிரிப்பவர். கடைசியில் தம்பி கெரார்தோவை அழைத்துக்கொண்டு மலோசேனிலிருந்து புறப்படுகிறார்.

வழியில் ஒரு முதிய இடையர் அவர்களைத் தடுக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாமும் ஏறியதாகவும், களைப்பும் வருத்தமும் முள்ளிற் கிழிந்த உடையுமே மிச்சம் என்றும் சொல்கிறார். இளைஞர்கள் கேட்பதாயில்லை. தம்பி முகட்டின் வழியே நேரே ஏறுகிறான். கவிஞரோ இலகுவான வழி தேடிப் பள்ளங்களில் இறங்குகிறார். சுற்றிச் சுற்றி நடந்தும் உயரம் கூடவில்லை. இப்படியே பல தடவை. கடைசியில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, தம் வாழ்க்கையும் இப்படித்தானே, உயர்ந்ததை விரும்பிக்கொண்டே சுகமான வழியைத் தேடி அலைகிறேன் என்று தம்மையே கடிந்துகொள்கிறார்.

உச்சியை அடைந்தபின் கையிலிருந்த சிறு நூலைத் திறக்கிறார். அது புனித அகுஸ்தினாரின் 'ஒப்புதல்கள்'. மனிதர் மலைகளையும் கடலையும் வியந்து பார்க்கிறார்கள், தம்மைப் பார்க்க மறக்கிறார்கள் என்ற கருத்துள்ள பகுதி கண்ணிற் படுகிறது. நூலை மூடிவிடுகிறார். அடிவாரம் வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

இந்தக் கடிதம் அன்றிரவே எழுதப்பட்டதாக அது சொல்கிறது. ஆய்வாளர் பலர் அதை ஒப்புவதில்லை. 1353 அளவில், அதாவது கடிதத்தைப் பெறவேண்டிய குருவானவர் தியோனீஜி மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின்பே இன்றைய வடிவம் பெற்றது என்பது அவர்கள் கருத்து. அவ்வாறாயின், இதை ஒரு நாட்குறிப்பாக அன்றி, நெடுங்காலம் மனத்தில் ஊறிய இலக்கியமாகவே நாம் படிக்கவேண்டும்.

வேறு விதமாக ஏறியவர்களும் உண்டு. பூச்சிகளின் வாழ்வை எழுதிப் புகழ்பெற்ற ழான் ஆன்றி பாபர் இந்த மலையில் இருபதுக்கும் மேற்பட்ட தடவை ஏறியவர். அடிவாரத்தில் ஒலிவ் மரம், உச்சியில் துருவப் பிரதேசத்துச் செடிகளுக்கு உறவான சிறு பூக்கள். அரைநாள் நடையில் தெற்கிலிருந்து வடதுருவம் வரை போய்வந்த பயன் கிடைக்கிறது என்பது அவர் கண்ட மகிழ்ச்சி. அவருக்கு உச்சி அவ்வளவு முக்கியமல்ல, வழியெல்லாம் முக்கியம்.

இனிச் சைக்கிளுக்கு வருகிறேன். டூர் டி பிரான்ஸ் போட்டி முதன்முதலாக இந்த மலையைக் கடந்தது 1951இல். 1957இல் வெளிவந்த 'மித்தொலொஜி' என்ற நூலில் விமர்சகர் ரோலான் பார்த் அந்தப் போட்டியை ஒரு காவியமாக வைத்து ஆராய்ந்தார். வான்தூ மலையைப் பலி கேட்கும் கொடிய தெய்வமாக அவர் உருவகித்தார்.

பத்தே ஆண்டுகளில் அந்த உருவகம் உண்மையாயிற்று. 1967 ஜூலை 13ஆம் நாள். ஆங்கிலேயரான டொம் சிம்ப்சன், 1965ஆம் ஆண்டின் உலகச் சம்பியன், வயது 29. சில நாட்களாக வயிற்று உபாதை. கடும் வெப்பம். ஷலே ரெனாரைக் கடந்து, வெள்ளைக் கற்களின் நடுவே தள்ளாடி விழுந்தார். மீண்டும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே மறுபடியும் விழுந்தவர் எழவில்லை. ஹெலிக்கொப்டரில் அவிஞோன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் பயனில்லை. அவருடலில் அம்பெற்றமைன் என்ற ஊக்கமருந்தும் மதுவும் இருந்தன. அடுத்த ஆண்டுப் போட்டியிலிருந்து ஊக்கமருந்துப் பரிசோதனை ஒழுங்காக நடைபெறலாயிற்று.

தம்மை மீண்டும் வண்டியில் ஏற்றும்படி அவர் கேட்டதாக ஒரு வாசகம் உலகெங்கும் பரவியது. அது அவ்விடத்தில் இல்லாத பத்திரிகையாளர் ஒருவரின் பேனாவில் பிறந்தது என்று பின்னர் சொல்லப்பட்டது. இங்கேயும் மலையின் கதையைப் பின்னால் வந்த எழுத்தே முடித்துவைக்கிறது. பலி என்றும் வீரம் என்றும் எழுதும்போது நாம் மறந்துவிடுவது, செத்தவன் ஒரு மனிதன், இரண்டு குழந்தைகளின் தந்தை என்பதை.

பெத்ரார்க்கின் கடிதத்தை நேரான வழியின் புகழ்ச்சியாகவே பெரும்பாலும் படிக்கிறோம். தம்பி சரி, அண்ணன் பிழை என்று முடித்துவிடுகிறோம். சிம்ப்சனின் முடிவை அறிந்த பின் அப்படிப் படிக்க என்னால் முடியவில்லை. நேரான பாதையை விட்டு விலகாதவர் அவர். களைத்தபோது நிற்கவில்லை. மருந்தால் உடலின் குரலை அடக்கினார். பெத்ரார்க்கோ பள்ளத்தில் உட்கார்ந்தார், தம்மைத் தாமே கேள்வி கேட்டார், பிறகு எழுந்து ஏறினார். அவரைக் கரை சேர்த்தது பாதையின் செங்குத்தன்று, அந்த உட்கார்ந்த நேரமே என்பது என் எண்ணம். கடினமான பாதை உயர்ந்தது, இலகுவான பாதை தாழ்ந்தது என்ற கணக்கு இந்த மலையிற் செல்லாது. தன் அளவை அறிந்து சோ பாதையில் ஏறும் முதியவர் பாபரைப் போல வழியெல்லாம் பூக்களைப் பார்த்து உச்சியையும் அடைகிறார்.

1970இல் இந்த மலையில் வென்ற எடி மெர்க்ஸ், தம் பழைய குழுத்தோழர் சிம்ப்சனின் நினைவுக்கல்லைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். உச்சியில் அவருக்கே ஒக்ஸிஜன் கொடுக்கவேண்டியிருந்தது. 2016இல் கடுங்காற்றுக்கு அஞ்சி, போட்டியின் முடிவிடத்தையே ஷலே ரெனாருக்கு இறக்கிவிட்டார்கள். உச்சிக்குப் போகாமல் நின்ற அந்த முடிவை யாரும் கோழைத்தனம் என்று சொல்லவில்லை.

இன்றும் அந்த நினைவுக்கல்லின் அடியில் தண்ணீர்ப் போத்தல்களையும் தொப்பிகளையும் வைத்துவிட்டுச் செல்கிறார்கள், ஏறி வரும் சாதாரண மனிதர்கள். கொஞ்ச நேரம் அங்கே இறங்கி நிற்கிறார்கள், பிறகு மிதிக்கிறார்கள். பெத்ரார்க்கின் கடிதத்தை அவர்களிற் பலர் படித்திருக்கமாட்டார்கள். நேயர்களாகிய நீங்கள் படிக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.