தலையில் சுமந்தால் வேலை சுழியா?

(திருவண்ணாமலையில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியலின் அடிப்படைக் கருத்துகள் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கொடுத்த நேரம் முக்கால் மணி. அளவீட்டில் தொடங்கி அலைகள் வரை பதினோரு அலகுகளையும் தொட்டுக்கொண்டு போனால், இங்கிருந்து போகும்போது யார் கையிலும் ஒன்றும் இருக்காது. அதனால் ஒரே ஓர் அலகை எடுத்துக்கொள்கிறேன். நான்காவது அலகு: வேலை, ஆற்றல், திறன். உண்மையைச் சொன்னால் அதிலும் முதல் சொல்லைத்தான். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். இது உங்களுக்கும் உரியது. "வேலை" என்ற சொல் பிள்ளைகளிடம் வருவது உங்கள் வகுப்பு வழியாகத்தான்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. விசையும் இடப்பெயர்ச்சியும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் வேலை சுழி என்று நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூல் எடுத்துக்காட்டை விட உள்ளூர் எடுத்துக்காட்டு நன்றாகப் பதியும் என்று எனக்கு அப்போதே ஒரு நம்பிக்கை. "ஒருவர் தலையில் கூடையோடு கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டர் நடக்கிறார். கூடையின் எடை கீழ்நோக்கி, நடை கிடைமட்டமாக. கோணம் 90 டிகிரி. புவியீர்ப்பு விசை செய்த வேலை சுழி. அது மட்டுமல்ல, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டதால் இடப்பெயர்ச்சியும் சுழி" என்றேன். எனக்கே என் எடுத்துக்காட்டு பிடித்திருந்தது.

மூன்றாவது வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்கம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடையைத் தலையில வச்சுக்கிட்டுப் பாதை முழுக்க நடந்து வெள்ளரிக்காய் விக்கிறாங்க. மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. அது வேலையே இல்லையா சார்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "இயற்பியல்படி சுழிதாம்மா. உட்காரு" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். அடுத்த இடைத்தேர்வில் அதே கேள்விக்குக் கோணம், கொசைன் மதிப்பு, விடை சுழி என்று ஒரு குறையும் இல்லாமல் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு கேள்வியே கேட்கவில்லை. அதை நான் கவனித்ததே கல்வியாண்டு முடியும் தறுவாயில்தான்.

நான் சொன்ன விடை தவறா? தவறில்லை. ஆனால் அவள் கேட்டது ஒன்று, நான் விடை சொன்னது வேறொன்று. புவியீர்ப்பு விசை கூடையின் மீது செய்த வேலை எவ்வளவு என்பது என் விடை. அம்மாவின் உடல் எவ்வளவு ஆற்றல் செலவழித்தது என்பது அவள் கேள்வி. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் நானும் குழம்பினேன், அவளையும் குழப்பினேன்.

இந்தச் சொல் இயற்பியலுக்குள் எப்படி வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். விசையையும் தொலைவையும் பெருக்கி வருவதற்கு "வேலை" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லை இன்றைய பொருளில் வைத்தவர் கோரியோலிஸ். ஆண்டு 1829. இயந்திரங்களைப் பற்றிய நூலில்தான் அதைச் செய்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே, 1712-இல் வந்த நியூகோமென் எந்திரம் முதலாக, நீராவி எந்திரங்களின் முக்கியமான பயன் சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை மேலே இறைப்பது. எந்திரத்தை வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு எடைத் தண்ணீர், எவ்வளவு உயரம் ஏறியது என்பதுதான். எந்திரம் எவ்வளவு சூடாயிற்று, எவ்வளவு முனகியது என்பது அவர் கணக்கில் இல்லை.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல இங்கிலாந்துச் சுரங்கம் தேவையில்லை. மின் மோட்டார் வருவதற்கு முன் இங்கே கிணறுகளில் கவலை இறைத்தார்கள். தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் நிறைந்து மேலே வரும். பிறகு மாடுகள் பின்னோக்கிச் சரிவில் ஏற வேண்டும், வெறும் சால் கீழே போகும். பின்னோக்கி ஏறுவதில் மாட்டுக்கு நிச்சயம் களைப்பு உண்டு. ஆனால் வயலுக்குப் போன தண்ணீரைக் கணக்கிடும்போது அந்தக் களைப்பு எங்கும் வராது. இயற்பியலில் "வேலை" என்பது வயலில் இருந்து பார்க்கும் கணக்கு, மாட்டின் பக்கம் நின்று பார்ப்பதல்ல. இப்படிச் சொன்ன பிறகு வகுப்பில் யாரும் சிரித்ததில்லை.

சரி, மாட்டின் பக்கம் நின்று கணக்குப் போட முடியாதா? முடியும். அதற்கும் இயற்பியல்தான் வேண்டும்.

முதலில் ஒரு சிறிய சோதனை. ஒரு மாணவனை அழைத்து, தண்ணீர் நிறைந்த வாளியைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூடத் தாங்காது, கை நடுங்கும். அதே வாளியை மேசை மேல் வையுங்கள். மேசை ஆண்டுக்கணக்கில் நிற்கும். இரண்டிலும் வாளியின் மீது செய்த வேலை சுழி. ஆனால் மேசைக்குச் சோறு போட வேண்டாம். தசை அப்படியில்லை. அதன் நார்கள் சுருங்கி, விட்டு, மறுபடி சுருங்கிக்கொண்டே இருந்தால்தான் இழுவிசை நிலைக்கும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் உணவில் இருந்து வந்த ஆற்றல் செலவாகி வெப்பமாகப் போகிறது. பளு அசையாவிட்டாலும் உடல் வியர்க்கிறது. இதைத் தாவரவியல், விலங்கியல் ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பாடவேளையில் நடத்தலாம். நான் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளை விட எங்கள் இருவருக்கும்தான் அதிகம் விளங்கியது!

இரண்டாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. நீளமான வராந்தாச் சுவர் வேண்டும். ஒரு மாணவன் தோளோடு ஒரு சுண்ணக்கட்டியை அழுத்திப் பிடித்து, அது சுவரில் உரசும்படி இயல்பாக நடக்கட்டும். சுவரில் விழும் கோடு நேர்கோடாக இருக்காது, அலையலையாக வரும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே அளந்தால் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை கிடைக்கும். (சுவரைத் துடைப்பது யார் என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். முதல் தடவை நான்தான் துடைத்தேன்.)

அதாவது, கிடைமட்டமாக நடக்கிறோம் என்று நாம் சொல்வது தோராயம். ஒவ்வோர் அடியிலும் உடல் சற்றே ஏறி இறங்குகிறது. இப்போது கிரிவலத்துக்கு வருவோம். ஓர் அடி 60 சென்டிமீட்டர் என்றால் 14 கிலோமீட்டருக்குச் சுமார் 23,000 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் 4 சென்டிமீட்டர் ஏற்றம் என்றால், ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 920 மீட்டர் வருகிறது. தலையில் 10 கிலோ கூடை இருந்தால் அதை ஒவ்வோர் அடியிலும் தூக்க ஏறத்தாழ 4 ஜூல்; மொத்தம் 90,000 ஜூலுக்குப் பக்கம்.

ஒவ்வோர் ஏற்றத்துக்குப் பின்னும் இறக்கம் இருப்பதால் கூடையின் கணக்கில் நிகர வேலை சுழிதான். பாடநூல் விடை அப்படியே நிற்கிறது. ஆனால் உடலின் கணக்கில் இறக்கம் ஏற்றத்தை அழிப்பதில்லை. நடை ஓரளவு தலைகீழ் ஊசல் போல இருப்பதால் இறங்கும்போது கிடைக்கும் இயக்க ஆற்றலில் ஒரு பகுதி அடுத்த அடிக்கு உதவுகிறது என்பது உண்மை. மீதி திரும்பி வராது. அந்த மீதியைத்தான் 23,000 முறை அந்த அம்மா தன் உடலில் இருந்து கொடுத்திருக்கிறார்.

இதை அந்த மாணவிக்குச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து நிலை ஆற்றல். இதிலும் என் தவறு ஒன்று உண்டு. நம் மலையின் உயரம் 2,668 அடி என்று எல்லோரும் சொல்வோம். மீட்டரில் 813. பல ஆண்டுகள் மலையேறும் கணக்குகளில் உயரத்துக்கு அதையே போட்டுவந்தேன். ஒரு மாணவன் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "சார், நம்ம ஊரே கடல் மட்டத்துல இருந்து 170 மீட்டர் உயரத்துல இருக்குன்னு போட்டிருக்கு. அப்ப நாம ஏறுறது 813 இல்லையே?" என்றான். அவன் சொன்னது சரி. 813 என்பது கடல் மட்டத்தில் இருந்து. ஊரில் இருந்து ஏறுகிறவருக்கு ஏறத்தாழ 640 மீட்டர்தான். நிலை ஆற்றலுக்குத் தனி மதிப்பு கிடையாது, எந்த மட்டத்தைச் சுழியாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது, வேறுபாடு மட்டுமே பொருள் உடையது என்று ஆண்டுதோறும் பலகையில் எழுதிக்கொண்டே, நானே சென்னைக் கடற்கரையில் இருந்து ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த 640-ஐ வைத்துத் தீபத்துக்கு நெய் கொண்டுபோகும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 15 கிலோ டின் ஒன்றை உச்சிக்கு ஏற்றத் தேவைப்படுவது 15 × 9.8 × 640, அதாவது 94,000 ஜூல். ஆனால் சுமப்பவர் தன் உடலையும் சேர்த்துத்தானே ஏற்றுகிறார்? அவர் எடை 60 கிலோ என்றால் அதற்கு 3,76,000 ஜூல். கூட்டினால் 4,70,000. தசை செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவே இயந்திர வேலையாகக் கிடைக்கிறது. ஆக உணவில் இருந்து வர வேண்டியது ஏறக்குறைய 19 லட்சம் ஜூல், 450 கிலோ கலோரி. இதில் டின்னுக்குப் போய்ச் சேர்ந்தது 5 சதவீதம். மீதி 95 சதவீதம் அவர் உடலை ஏற்றவும் வியர்வையாகவும் போனது. பயனுறு திறனைப் பற்றி இதை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பிள்ளைகள் வாய் பிளக்கும் இடம் இதற்கு அடுத்தது. தீபத்துக்கு 3,500 கிலோ நெய் என்று செய்தித்தாளில் படித்திருக்கிறோம். அத்தனை நெய்யும் உச்சிக்கு ஏறியதில் பெற்ற நிலை ஆற்றல் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஜூல். மின்சாரக் கணக்கில் 6 யூனிட். "ஆறு யூனிட்டுதானா?" என்பார்கள். ஆம், அவ்வளவுதான். ஒரு கிராம் நெய்யில் 9 கிலோ கலோரி இருக்கிறது. ஒரு கிலோ நெய்யை உச்சிக்கு ஏற்றத் தேவையான ஆற்றல் ஆறில் ஒரு பங்கு கிராம் நெய்யில் அடங்கியிருக்கிறது. எரிபொருள் என்றால் என்ன, ஈர்ப்பு விசையோடு ஒப்பிட்டால் வேதிப்பிணைப்பு எவ்வளவு பெரியது என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கில் வந்துவிடுகிறது.

கேட்கலாம், இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று. எனக்கும் பாடத்திட்டம் முடிக்க வேண்டிய நெருக்கடி உண்டு, தேர்ச்சி விழுக்காடு கேட்கும் கூட்டங்களுக்கு நானும் போகிறேன். இந்தக் கணக்குகள் எனக்கு எடுப்பது இரண்டு பாடவேளை. அந்த அலகின் பயிற்சிக் கணக்குகளில் அதை விட நேரம் திரும்பக் கிடைக்கிறது. ஏனென்றால் வேலை என்று வந்த உடனே பிள்ளைகள் "எந்த விசை சார் செய்த வேலை? எதன் மேல சார்?" என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள். இந்த இரண்டு கேள்வியைக் கேட்காமல் சூத்திரத்தில் எண்ணைப் போடுவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன. ஆறாம், ஏழாம் வகுப்பு ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். "உழைப்பு" என்ற சொல்லையும் "வேலை" என்ற சொல்லையும் வகுப்பில் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். உழைத்தும் வேலை சுழியாக இருக்கலாம் என்று அந்த வயதிலேயே கேட்டுவிட்டால், மேல்நிலையில் வந்து யாரும் தன் அம்மாவை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் என்னைக் கேட்டான். "சார், ஏறும்போது நாம வேலை செய்யுறோம், சரி. இறங்கும்போது புவியீர்ப்பு நமக்காக வேலை செய்யுது. அப்புறம் ஏன் சார் இறங்கினா முழங்கால் வலிக்குது?" இந்த முறை நான் சிரிக்கவில்லை. இறங்கும்போது 60 கிலோ உடல் இழக்கும் 3,76,000 ஜூல் எங்கே போகிறது என்று வகுப்பையே கேட்டேன். "வேகமா மாறணும்" என்றான் ஒருவன். "மாறினா உருண்டு விழுந்துடுவோமே" என்றாள் இன்னொருத்தி. அங்கிருந்து, தொடைத் தசை நீண்டுகொண்டே இழுக்கிறது, விசை ஒரு பக்கம், நகர்வு எதிர்ப்பக்கம், ஆகவே வேலை எதிர்க்குறி என்று அவர்களே வந்து சேர 20 நிமிடம் ஆயிற்று. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாடவேளைக்கு வந்த கணித ஆசிரியர் வாசலில் காத்துக்கொண்டு நின்றார்.