தஞ்சையிலிருந்து ஜகார்த்தா வரை

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கால்பந்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். மாலை ஐந்து மணிக்கு நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலிலே பந்தின் பின்னே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விரும்பும் ஆட்டத்திலிருந்தே பேச்சைத் தொடங்கினால், நான் சொல்ல வந்தது அவர்கள் காதில் விழும் என்று நம்புகிறேன்.

நம் தஞ்சாவூர் மண்ணிலிருந்து புறப்பட்டு இந்தியக் கால்பந்தின் முன்வரிசைக்குச் சென்றவர் கலியா குலோத்துங்கன். கொல்கத்தாவின் இருபெரும் கழகங்களான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய இரண்டிற்கும் ஆடியவர், மும்பை எஃப்.சி. அணிக்கும் ஆடியவர். 2018 அக்டோபரில் தஞ்சாவூரில் நேர்ந்த சாலை விபத்தொன்றில், நாற்பதை ஒட்டிய வயதிலேயே மறைந்துவிட்டார். சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனைப் பள்ளிப் பாடத்தில் படிக்கும் நம் பிள்ளைகளில், இந்தக் குலோத்துங்கனை அறிந்தவர் எத்தனை பேர்?

அவர் ஆடிய இடம் நடுக்களம். பழைய ஆட்டக்காரர்கள் 'ஹாஃப் பேக்' என்று சொல்வார்கள். பின்னே நிற்பவர் காப்பாற்றிய பந்தை வாங்கி, முன்னே ஓடுபவருக்கு உரிய நேரத்தில் உரிய இடத்தில் கொடுப்பதே அவர் வேலை. காவிரிப் பாசனத்தில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெள்ளம் மிகுந்தால் கொள்ளிடத்திற்குத் திரும்புகிறது. எந்த மதகை எப்போது, எவ்வளவு உயர்த்துவது என்று அறிந்தவன் அங்கே இல்லாவிட்டால் தலைமடை மூழ்கும், கடைமடை காயும். அறுவடை நாளில் மதகைத் திறந்தவனை யாரும் நினைப்பதில்லை. நடுக்கள வீரரின் நிலையும் அதுவே. கோல் அடித்தவர் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வரும். அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் வருவது அரிது.

2003 ஜூலையில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. சுபாஷ் பௌமிக்கின் பயிற்சியில் சென்ற ஈஸ்ட் பெங்கால் குழுவில் நம் குலோத்துங்கன் இடம்பெற்றிருந்தார். முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனா அணியிடம் 0–1 என்று தோல்வி. துவண்டுவிடவில்லை. அடுத்து பிலிப்பைன்ஸ் இராணுவ அணியை 6–0 என்று வென்றார்கள். ஆறு கோல்களையும் பாய்ச்சுங் பூட்டியா அடித்தார். காலிறுதியில் பெர்சிட்டா அணியை வென்றார்கள். அரையிறுதியில் பெட்ரோகிமியா புத்ரா அணியைப் பெனால்டி உதைகளில் வென்றார்கள். ஜூலை 26 அன்று இறுதி ஆட்டத்தில், முதல் நாள் தங்களைத் தோற்கடித்த அதே தாய்லாந்து அணியை 3–1 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றார்கள். 2003–04 தேசியக் கால்பந்து லீக் பட்டமும் அக்கழகத்திற்கே கிட்டியது.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர்கள் மூவர்: நைஜீரியாவின் மைக் ஒகோரோ, சிக்கிமின் பூட்டியா, கோவாவின் அல்விட்டோ டி'குன்ஹா. அணித் தலைவர் கானா நாட்டின் சுலே மூசா. இத்தனை நிலத்தாரும் மொழியாரும் சேர்ந்த குழுவிலே தஞ்சாவூர்க்காரர் ஒருவரும் இருந்தார். எந்தத் தெருவில் பிறந்தாய் என்பது அங்கே கேள்வியன்று. வந்த பந்தை என்ன செய்தாய் என்பதே கேள்வி.

ஆயினும், ஆடுகளம் என்றாலே சமத்துவம் என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது. 1911ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டில்தான் மோகன் பகான் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது, நாடே கொண்டாடியது. அதே ஆண்டில், ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலூ இந்தியக் கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்து சென்று, நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்படிப்பட்டவருக்குப் பூனாவில் தேநீர் மண்குவளையில், அதுவும் அரங்கிற்கு வெளியே தரப்பட்டது. இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் அந்தப் பதவியைப் பெற முடிந்தது. அண்ணன் பறித்த விக்கெட்டுகள் தம்பிக்கு வழி திறந்தன என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்று மண்குவளை மறைந்திருக்கலாம். ஆனால் ஒரு பொதுத் திடலில் நம் பையன் ஒருவன் மாலை முழுவதும் ஓடியும் அவன் காலுக்குப் பந்து ஒருமுறையும் வராமல் போவதுண்டு. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பந்து தராமையைப் பிடிக்க எந்தப் பிரிவு இருக்கிறது? இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, பொதுத்திடல் எல்லாருக்கும் பொது என்பதை ஊராட்சியிலும் பள்ளியிலும் நாம் விடாது வலியுறுத்துவது. மற்றொன்று, நம்மைத் தவிர்த்துவிட்டு அந்த அணி வெல்ல முடியாது என்னும் அளவுக்குத் திறமையை வளர்ப்பது. ஒன்றை விட்டு மற்றொன்று பயன்படாது.

இளைஞர்களே, இனி உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழில்முறைக் கால்பந்து வீரரின் உழைக்கும் காலம் பெரும்பாலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீள்வதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த கழகத்தைத் தேட வேண்டும்; முழங்கால் ஒன்று முறுக்கிக்கொண்டால் ஒரு பருவமே போய்விடும். முப்பத்தைந்து வயதில், மற்றவர்கள் தொழிலில் காலூன்றும் நேரத்தில், ஆட்டக்காரர் காலணியைக் கழற்றுகிறார். அதற்குப் பின்னும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அந்த இரண்டாம் பாதிக்கு முதல் பாதியிலேயே ஆயத்தம் செய்தாக வேண்டும்.

செய்து காட்டியவர் நமக்கு அருகிலேயே இருக்கிறார். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் நடுக்கள ஆட்டக்காரரே. 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றபோது அவ்வணியில் ஆடியவர். இந்திய அணிக்கும் ஆடியவர். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது தமிழ்நாடு காவல்துறையின் உதவி ஆய்வாளராகச் சென்னைத் தெருக்களில் கடமையாற்றினார். ஆட்டமும் பதவியும் ஒன்றுக்கொன்று துணையாயின. பெண்பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பத் தயங்கும் தாய்மார்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆகவே மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ ஆடிப் பெற்ற சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். விளையாட்டு விடுதியில் சேரவும், கல்லூரியில் இடம் பெறவும், அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டைக் கேட்கவும் அந்தத் தாள்தான் துணை நிற்கும். இரண்டாவது, பள்ளித் தேர்வைக் கைவிடாதீர்கள். தேர்ச்சி இல்லாத கைக்குச் சான்றிதழ் இருந்தும் பயன் குறைவு. மூன்றாவது, ஆடத்தான் தெரியும் என்று நின்றுவிடாதீர்கள். பயிற்சியாளர் உரிமம், நடுவர் தேர்வு, உடற்கல்விப் பட்டம் ஆகியவையும் இந்த ஆட்டத்தின் கதவுகளே.

மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இச்சங்கத்தின் உதவியால் படித்து ஆசிரியராகவும் எழுத்தராகவும் பொறியாளராகவும் உயர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் பெற்றோர் சேற்றில் நின்று காப்பாற்றிய பந்து உங்கள் காலுக்கு வந்திருக்கிறது. அதை நகரத்திற்கு எடுத்துச் சென்று தனக்கென்று வைத்துக்கொள்பவர் நல்ல ஆட்டக்காரர் அல்லர். வாரத்தில் ஒரு மாலை ஊருக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் திடலில் நில்லுங்கள். ஒரு மணி நேரம் இரவுப் பாடசாலையில் அமருங்கள். வாங்கியதைக் கொடுங்கள்.

தஞ்சையிலிருந்து ஜகார்த்தா வரை சென்ற ஒருவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை அதுதான். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பந்து கடைமடைப் பிள்ளையின் காலுக்கும் போய்ச் சேரட்டும்.